தாழ்ந்த குரலுள்ள பெண் தன் குரலிலேயே வலிமை பெற முடியுமா?

பாம்பன் திருவிழா மேடைகளில் ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடச் சொல்லி வற்புறுத்துவதால் தன்னம்பிக்கை குலைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

முடியும், சுருதியை இறக்கிக்கொள்ளுங்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவது வழக்கமே தவிர விதியன்று. தடித்த குரல்நாண்கள் மெதுவாக அதிர்ந்து தாழ்ந்த ஒலியையே இயல்பாகத் தருகின்றன. அதை வலிந்து உயர்த்தினால் தொண்டை இறுகி, கார்வை, அதாவது நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம், நடுங்கும். கச்சேரியில் ராகம் தானம் பல்லவி என்ற கடினமான கற்பனைப் பகுதியைப் பாடுவது ஆண்களுக்கே உரியது என்றிருந்த காலத்தில், கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாள் (1919–2009) கனத்த குரலோடுதான் அவ்வழக்கத்தை உடைத்தார்.

உங்கள் கடற்கரையிலேயே கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டைக் கவனியுங்கள்: முன்பாட்டுக்காரர் தமக்கு இசைந்த சுருதியில் எடுக்க, மற்றவர்கள் அதற்கு இணங்கிக் கயிற்றை இழுக்கிறார்கள். விடியலில் மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், நீண்ட கார்வைகளைப் பழகுங்கள். நிகழ்ச்சிக்கு முன்பே, நான்கு கட்டை என்று கீபோர்டுக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.