டாக்டரை விடுவதா, பாலிசியை விடுவதா?

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். நான், கணவர் (46), எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், மாமனார் (71), மாமியார் (66) என ஐந்து பேருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரே ஃப்ளோட்டர் பாலிசி 2017-லிருந்து இருக்கிறது. 2025 ஜூனில் 71,980 ரூபாய் கட்டினோம். இப்போது ஒரு ஏஜென்ட் வேறு கம்பெனியில் இதே 5 லட்சத்துக்கு 49,000 ரூபாய்தான் என்கிறார். ஆனால் முப்பது வருடமாக எங்கள் வீட்டைப் பார்க்கும் டாக்டரின் நர்சிங் ஹோம் அந்தக் கம்பெனியின் லிஸ்ட்டில் இல்லை. அட்மிட் ஆக வேண்டுமென்றால் தஞ்சாவூர் அல்லது திருச்சி. மாமனாருக்கு 18 வருடமாகச் சர்க்கரை. மாமியாருக்குப் பிரஷர், முழங்கால் வலி. "அந்த டாக்டரை விட்டு வேற யார்கிட்டயும் நான் வரமாட்டேன்" என்று மாமியார் சொல்லிவிட்டார். கணவரோ வருடம் 23,000 மிச்சம் என்கிறார். ஜூன் 18-ம் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் அந்த 23,000-ஐப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது உண்மையில் 23,000 இல்லை. நீங்கள் 2025 ஜூனில் கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். பிரீமியம் 61,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 10,980 என்று இருக்கும். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. கிடையாது. ஏஜென்ட் காட்டுகிற 49,000 வரி இல்லாத இன்றைய விலை. நீங்கள் அதை ஒப்பிடுவது வரியோடு கட்டிய பழைய விலையுடன். பழைய கம்பெனி பிரீமியத்தை ஏற்றாவிட்டால் வித்தியாசம் 12,000 ரூபாய். அங்கே கொஞ்சம் ஏறியும் இருக்கலாம், அதனால் புதுப்பித்தல் தொகை எவ்வளவு என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் கம்பெனி முதலில் காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யிடம் போயாக வேண்டும் என்று 2025 ஜனவரியிலேயே உத்தரவு இருக்கிறது.

அப்புறம் டாக்டர் விஷயம். பாலிசியை மாற்றினால் டாக்டரை இழந்துவிடுவோம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் மாமியார் மாதாமாதம் அவரிடம் போய் உட்கார்ந்து பிரஷர் பார்த்துக்கொள்வது, மாமனாரின் சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக்கொள்வது எல்லாம் ஓ.பி. கணக்கு. பழைய பாலிசியும் அதற்குக் காசு தரவில்லை, புதிதும் தராது. அந்த ஃபீஸ் இத்தனை வருடமும் உங்கள் கையிலிருந்துதான் போகிறது, இனியும் அப்படியே போகும். எந்தக் கம்பெனியின் லிஸ்ட்டும் அதைத் தடுக்க முடியாது. மாமியாரிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், வீட்டில் பாதிச் சண்டை அடங்கும்.

லிஸ்ட் குறுக்கே வருவது அட்மிஷனில் மட்டும்தான். சரி, உங்கள் டாக்டர் தன் நர்சிங் ஹோமில் எதற்கெல்லாம் அட்மிட் போடுவார்? காய்ச்சல், வாந்தி பேதி, சர்க்கரை தாறுமாறாக ஏறி இரண்டு நாள் கவனிக்க வேண்டிய நிலை, காலில் ஆறாத புண். பில் பெரும்பாலும் ஆயிரங்களில் முடிந்துவிடும். நெஞ்சுவலி என்றாலோ முழங்கால் ஆபரேஷன் என்றாலோ அவரே கடிதம் எழுதித் தஞ்சாவூருக்கு அனுப்பிவிடுவார். நல்ல டாக்டர் அப்படித்தான் செய்வார். ஆக லட்சக்கணக்கில் பில் வரும் நாளில் நீங்கள் அவரிடம் இருக்கப்போவதில்லை. சின்ன பில் வரும் நாளில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளலாம். லிஸ்ட்டில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் பணமே வராது என்று பலர் நினைக்கிறார்கள். கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது, வராது, அவ்வளவுதான். ரீஇம்பர்ஸ்மென்ட் உண்டு.

அதற்கு அந்த இடம் பாலிசியின் கண்ணில் 'ஆஸ்பத்திரி'யாக இருக்க வேண்டும். உள்ளூர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, இருபத்து நான்கு மணி நேரமும் நர்ஸ், டாக்டர் என்று சில நிபந்தனைகள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-ன் கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழை ரிசப்ஷனில் மாட்டியிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சாதாரண சிகிச்சையில் 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருந்தால்தான் கிளெய்ம். மத்தியானம் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கிடையாது.

'கேஷ்லெஸ் எவ்ரிவேர்' என்று 2024 ஜனவரியில் ஒன்று வந்ததே என்று கேட்பீர்கள். லிஸ்ட்டில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்பது உண்மைதான். திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். ஆனால் ஆஸ்பத்திரியும் ஒத்துக்கொள்ள வேண்டும். கம்பெனியிலிருந்து பணம் வரும் வரை காத்திருக்கச் சின்ன நர்சிங் ஹோம்கள் லேசில் சம்மதிப்பதில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆக டாக்டருக்காகப் பழைய பாலிசியை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் மாமனார், மாமியாரை அந்தப் புதிய பாலிசிக்கு மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம், நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏஜென்ட்டின் தாளில் மூன்றாம் பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது: 60 வயதுக்கு மேல் சேர்பவர்களுக்கு 20 சதவீதம் கோ-பே, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் அந்தப் பங்கை நீங்களே கட்ட வேண்டும். அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் வரை. உங்கள் 5 லட்சத்துக்கு அது நாளைக்கு 5,000 ரூபாய். இப்போது இருக்கும் பாலிசியில் இந்த இரண்டும் இல்லை.

5,000 ரூபாய் போதாதா என்றால், உங்கள் டாக்டரின் நர்சிங் ஹோமில் தாராளமாகப் போதும். அங்கேதான் கேஷ்லெஸ் இல்லை! கேஷ்லெஸ் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் தனி ஏ.சி. அறை 8,000 என்று வைத்துக்கொள்வோம். மாமனார் ஐந்து நாள் இருக்கிறார். அறைக்கு 40,000, ஆபரேஷன், சர்ஜன், நர்சிங் எல்லாம் 1,60,000, மருந்தும் டெஸ்ட்டும் 60,000. மொத்தம் 2,60,000. அறைக்கு 25,000 மட்டும் தருவார்கள். அத்தோடு விட்டால் பரவாயில்லை. அனுமதித்ததைவிடப் பெரிய அறை எடுத்ததால் சர்ஜன், தியேட்டர் செலவையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஒரு லட்சம். மருந்து, டெஸ்ட்டில் இந்த வெட்டு கூடாது என்பது விதி, அதனால் 60,000 முழுதாக. சேர்த்தால் 1,85,000. அதில் 20 சதவீதம் கோ-பே 37,000 கழியும். கம்பெனி தருவது 1,48,000, உங்கள் கையிலிருந்து போவது 1,12,000. கையுறை, சிரிஞ்ச் என்று தள்ளுபடியாகும் சில்லறைகளை நான் சேர்க்கவே இல்லை. வருடம் 12,000 என்று ஒன்பது வருடம் மிச்சம் பிடித்தது ஒரே அட்மிஷனில் போய்விடும். 71 வயதில், 18 வருடச் சர்க்கரையோடு இருப்பவருக்கு ஒன்பது வருடத்தில் ஓர் அட்மிஷன்கூட வராது என்று கணக்குப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

கணவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து பேரையும் ஒரே ஃப்ளோட்டரில் போட்டதால் பிரீமியத்தை மூத்தவரின் வயதை வைத்துப் போடுகிறார்கள். 71 வயதின் பாரத்தை உங்கள் மகளும் சேர்ந்து சுமக்கிறாள். போதாததற்கு மாமனார் மார்ச்சில் 4 லட்சம் செலவழித்துவிட்டால் ஜூன் வரை மற்ற நான்கு பேருக்கும் மிஞ்சுவது ஒரு லட்சம். எனவே பாலிசியைப் பிரியுங்கள். பெரியவர்கள் இருவரும் பழைய கம்பெனியிலேயே, பழைய தொடர்ச்சியோடு. புதுப்பிக்கும்போது மற்ற மூவரை விலக்கினாலும் 2017-லிருந்து வரும் தொடர்ச்சி இந்த இருவருக்கும் அப்படியே நிற்கும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கி வையுங்கள். நீங்கள் மூவரும் போர்ட் ஆகுங்கள், அதாவது பழைய பாலிசியின் தொடர்ச்சியை விடாமல் புதிய கம்பெனிக்கு மாறுங்கள். ஏஜென்ட் சொல்லும் அதே பாலிசியாக இருந்தாலும் சரிதான், ஆனால் 10 லட்சத்துக்கு எடுங்கள். கோ-பே உங்களுக்கு இல்லை, அறை வாடகை வரம்பும் 10,000 ஆகிவிடும்.

போர்ட் என்ற வார்த்தையில் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள். அவசரத்தில் சில ஏஜென்ட்கள் போர்ட்டிங் படிவத்துக்குப் பதில் புதுப் பாலிசியாகவே போட்டுவிடுவார்கள். வேலை சுலபம். உங்களுக்குத்தான் நஷ்டம், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், 36 மாதம் வரை. போர்ட் செய்தால் நீங்கள் இதுவரை கழித்த காலம் பழைய 5 லட்சத்துக்குக் கூடவே வரும். கூடுதல் 5 லட்சத்துக்கு மட்டும் புதிதாகக் காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை மறுக்கவும் புதிய கம்பெனிக்கு உரிமை உண்டு, அதனால் அவர்கள் சரி என்று எழுதித் தரும் வரை பழையதிலிருந்து யாரையும் விலக்காதீர்கள். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது மே 4. ஏப்ரல் 19-லிருந்து மே 4-க்குள் முடித்துவிடுங்கள்.

அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு முன் கணவரை உங்கள் டாக்டரிடம் ஒரு முறை அழைத்துப் போங்கள். முப்பது வருட டாக்டரின் உண்மையான மதிப்பு எனக்குத் தெரிந்து இங்கேதான். பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி டாக்டர், "எத்தனை நாளா பிரஷர்?" என்று கேட்பார். பதற்றத்தில் யாரோ, "அது இருக்கும் ஒரு பத்து வருஷமா" என்பார்கள். அவர் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுவார், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுவே ஏறும். கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு பாலிசி எடுக்கும்போது மறைத்தீர்கள் என்று கிளெய்மை நிறுத்தும். தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய அப்படிக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் உங்கள் மூவருக்கும் புதிதாகச் சேரும் 5 லட்சத்துக்கு அந்த 60 மாதம் இப்போதுதான் தொடங்கும். கணவருக்கு என்ன இருக்கிறது, எப்போதிலிருந்து என்று தேதியோடு உங்கள் டாக்டரின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் இருந்தால் அதை வைத்தே படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

அப்புறம், தனியாக ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் வையுங்கள். கடையின் கரன்ட் அக்கவுன்ட்டில் வேண்டாம், ஐப்பசியில் சரக்கு எடுக்கப் போய்விடும். உங்கள் பெயரும் சேர்ந்த சேமிப்புக் கணக்கில் அல்லது எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய எஃப்.டி.யில். உங்கள் டாக்டரிடம் அட்மிட் ஆனால் அதிலிருந்து கட்டுங்கள், கிளெய்ம் வந்ததும் திருப்பிப் போடுங்கள். 2019-ல் என் அம்மா வழுக்கி விழுந்தபோது லிஸ்ட்டில் இல்லாத இடத்தில்தான் சேர்த்தேன். பணம் திரும்ப வர நாற்பது நாளுக்கு மேல் ஆனது. அதில் பாதி நாள் என் தப்பு. மெடிக்கல் ஷாப்பின் ஒரிஜினல் பில் இரண்டைப் பேன்ட் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் வீட்டு லட்சணம் இது. ஒரு பிளாஸ்டிக் கவரை வாங்கி அட்மிஷன் ஸ்லிப்பிலிருந்து கடைசி மருந்துச் சீட்டு வரை அதிலேயே போடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன 15 முதல் 30 நாளுக்குள் அனுப்பச் சொல்வார்கள், உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரி பற்றி ஒரு வரி. கணவர் பழைய வரி முறையில் இருந்தால் பெரியவர்களின் பிரீமியத்தை அவர் கணக்கிலிருந்தே, ரொக்கமாக இல்லாமல் கட்டட்டும். மூத்த குடிமக்களான பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்கு 50,000 வரை கழிவு உண்டு. நீங்கள் கட்டினால் கிடைக்காது, சட்டத்துக்கு மாமனார் மாமியார் பெற்றோர் இல்லை.

மாமியாரின் முழங்காலைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷன் வரை போகுமா என்று டாக்டரிடம் இந்த மாதமே கேளுங்கள். போகும் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார் என்றும் கேட்டு, அது பழைய கம்பெனியின் லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் கைகாட்டுகிற இடம் என்றால் மாமியாரும் வர மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.