நாமினி பெயர் கேட்கும் ஒப்புதல் படிவம்: கைநாட்டு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகர் பக்கம். மாமியாருக்கு 57 வயது, மீன் வியாபாரம். சர்க்கரைக்குப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். புது மாத்திரை ஆய்வில் சேர்ந்தால் மருந்து, டெஸ்ட் எல்லாம் இலவசம் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். படிவத்தில் வருமானம், நாமினி பெயரெல்லாம் கேட்டிருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் பயம். வேண்டாம் என்றால் வைத்தியத்தைக் குறைத்துவிடுவார்களா? அவருக்குப் பதில் நானே கையெழுத்துப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். உங்கள் மாமியார் நினைவோடு, நல்லது கெட்டது தெரிந்து முடிவெடுக்கக்கூடியவர். எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக அவருடைய சம்மதத்தை வேறொருவர் கொடுக்க முடியாது. 2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் விடுதி மாணவிகளுக்கு எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும்) தடுப்பூசி போட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். விவகாரம் நாடாளுமன்றக் குழு வரை போனது.

முறை இதுதான். படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி ஆரம்பம் முதல் கூடவே உட்கார்ந்து, டாக்டர் விளக்குவதையும் உங்கள் மாமியார் கேட்கும் கேள்விகளையும் முழுக்கக் கேட்க வேண்டும். பிறகுதான் கைநாட்டு, அதன் பக்கத்தில் சாட்சியின் கையெழுத்தும் தேதியும். எல்லாம் முடிந்தபின் வராந்தாவில் போகிறவரைக் கூப்பிட்டு 'இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க' என்றால் அவர் சாட்சியே இல்லை. ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி கொடுக்கும் எத்திக்ஸ் கமிட்டிக் கூட்டங்களில் உட்கார்ந்த பழக்கத்தில் சொல்கிறேன், தமிழ்ப் படிவங்களில் பாதி படித்தவருக்கே புரியாத தமிழ். ஆகவே வாயால் சொல்லச் சொல்லுங்கள். கேட்டதை உங்கள் மாமியார் தன் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை மறுபடி விளக்கச் சொல்லலாம். சில ஆய்வுகளில் இதை வீடியோ எடுப்பதும் உண்டு. அது சட்டம் சொன்னபடி நடப்பது, மிரள வேண்டாம்.

இனி நாமினி. பாலிசிப் பத்திரத்தில் பார்க்கும் சொல்லை ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பார்த்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கட்டம் இருப்பது நல்ல அறிகுறி. புது மருந்து மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019 சொல்லும் படிவத்திலேயே தொழில், ஆண்டு வருமானம், நாமினி, உறவுமுறை எல்லாம் உண்டு. ஆய்வினால் உயிருக்கே ஆபத்து வந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தொகையை ஆஸ்பத்திரி தன் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதையும் முன்பிருந்த உடல்நிலையையும் கணக்கிடும் சூத்திரம் விதியிலேயே இருக்கிறது. ஆய்வில் இருக்கும்போது உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை தர வேண்டும், ஆய்வால் வந்ததல்ல என்று உறுதியாகும் வரையிலாவது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டால், ஆய்வு டாக்டர் 24 மணி நேரத்துக்குள் எத்திக்ஸ் கமிட்டிக்கும் மருந்து கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். கடலூரிலேயே பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் உடனே ஆய்வு டாக்டருக்குப் போன் போடுங்கள். சொன்னால்தானே அவருக்குத் தெரியும்!

வேண்டாம் என்று சொன்னால்? வழக்கமான வைத்தியம் அப்படியே தொடர வேண்டும். சேர்ந்த பிறகு நடுவில் விலகினாலும் அதே விதிதான், காரணம் சொல்லக்கூட அவசியமில்லை. சட்டம் இப்படி இருந்தாலும், வைத்தியம் பார்க்கும் டாக்டரே ஆய்வையும் நடத்தினால் 'முகத்தை எப்படி முறிப்பது' என்ற தயக்கம் வரும். அதற்கு ஒரு வழி, அங்கேயே பதில் சொல்லாதிருப்பது. 'காகிதத்தைக் கொடுங்க சார், வீட்டில கேட்டுட்டு வரோம்' என்று எழுந்துவிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேராமலிருப்பதே மேல்.

அடுத்த தடவை போகும்போது, இது மருந்து கம்பெனி நடத்தும் ஆய்வா, மேல்படிப்பு டாக்டரின் தீசிஸா என்று கேளுங்கள். புதுச்சேரியைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகள் நிறைய, தீசிஸ்களும் நிறைய. ஒரு குப்பி ரத்தமும் பத்துக் கேள்வியும் மட்டும் என்றால் ஆபத்து குறைவு (அதற்கும் கமிட்டி அனுமதி வேண்டும்). புது மாத்திரை என்றால் கூடுதல் கவனம் தேவை. இப்போது சாப்பிடும் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவார்களா? ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுப்பார்களா? அப்படியானால் சர்க்கரை ஏறினால் என்ன செய்வார்கள்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராமல் கைநாட்டு வேண்டாம். சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேடு) பதிவு எண்ணையும் கேளுங்கள். மருந்து ஆய்வுகளுக்கு 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். பஸ் செலவும், யாவாரம் போன நாளுக்கான பணமும் கேட்பதில் தவறில்லை.

ஆய்வு என்றாலே ஓடவும் வேண்டாம். 1981 முதல் 1985 வரை, நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் புதுச்சேரியில் நடத்திய கொசுக் கட்டுப்பாட்டு ஆய்வில்தான் யானைக்கால் நோய்ப் பரவலை அங்கே குறைத்துக் காட்டினார்கள்.

சேருவதென்று முடிவானால், கையெழுத்தான படிவத்தின் நகலும் தகவல் தாளும் வீட்டுக்கு வர வேண்டும். ஆய்வு டாக்டர், எத்திக்ஸ் கமிட்டி இருவரின் போன் நம்பரும் அதில் இருக்கும். ரத்த மாதிரியைப் பிற்கால ஆய்வுக்குச் சேமிக்கச் சம்மதமா என்று ஒரு வரியும் இருக்கலாம். ஆய்வில் சேர்ந்துகொண்டே அதற்கு மட்டும் 'இல்லை' சொல்லலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லலாம்.