இருளர் மாணவிக்குச் சாதிச் சான்று: எந்த அதிகாரி தர வேண்டும்?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் இருளர் மாணவி ஒருத்திக்குச் சாதிச் சான்று இல்லை. அவள் அப்பா தாசில்தார் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார். வேலை ஆகவில்லை. என்ன வழி?
– ஓர் ஆசிரியை, திண்டிவனம்

பதில்: பட்டியல் சாதியினருக்குத்தான் தாசில்தார் சான்று தருவார். இருளர் போன்ற பழங்குடியினருக்கு அந்த அதிகாரம் கோட்டாட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோ உரியது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் 'பழங்குடி' என்று பதிவாகிறதா எனப் பக்கத்தில் நின்று பாருங்கள். பிழையாகப் பதிந்தால் மனு வேறு மேசைக்குப் போய்விடும்.

மனு அதிகம் சிக்குவது விசாரணையில்தான். செங்கல் சூளைக்கோ மரம் வெட்டவோ குடும்பம் வெளியூர் போயிருக்கும், வி.ஏ.ஓ. வரும்போது வீட்டில் ஆள் இருக்காது. பெற்றோரிடமும் சான்று இருக்காது. ஆகவே அப்பா வழி உறவில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை யாருக்காவது சான்று கிடைத்திருந்தால் அதன் நகலையும், உறவைக் காட்டும் வம்சாவளிப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, பள்ளிப் பதிவேடு மூன்றிலும் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை முதலிலேயே சரிபாருங்கள். பள்ளியின் டி.சி. மட்டும் போதாது.

குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்து மனு கொடுத்து, கோட்டாட்சியரையே நேரில் வந்து பார்க்கக் கேட்பது இன்னும் நல்லது. ஒரு குடும்பத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்து உறவுகள் அங்கேயே தெரிந்துவிடும். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பியதை வைத்து மேல்முறையீடு செய்வது கடினம். அதனால்தான் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைகின்றன, இது அநியாயம்.

சான்று இல்லை என்று அவளைப் பொதுத்தேர்வு எழுத விடாமல் நிறுத்த யாருக்கும் உரிமையில்லை. இடஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும்தான் அது தேவை.

கேள்வி: நரிக்குறவர் பிள்ளைகளின் பழைய எம்.பி.சி. சான்று செல்லுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பழங்குடிச் சலுகைக்குச் செல்லாது. 2023 ஜனவரியில் நரிக்குறவரும் குருவிக்காரரும் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். கோட்டாட்சியரிடம் புதிய சான்று வாங்க வேண்டும்.

கேள்வி: உதவித்தொகை ஒப்புதலாகியும் பணம் வரவில்லையே?
– ஒரு கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது மட்டும் போதாது. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக உங்கள் கணக்கை ஆதாருடன் இணைத்து, என்.பி.சி.ஐ. (தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) பதிவில் ஏற்றியிருக்க வேண்டும்; கிளையில் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 2 ஆண்டுகள் வரவுசெலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். கே.ஒய்.சி. புதுப்பித்து அதை உயிர்ப்பித்த பிறகு கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் தெரிவியுங்கள்.