பழைய விண்டோஸ், புதிய விண்டோஸ்: ஒரே கணினியில் இரண்டும்

கேள்வி: விண்டோஸ் 7 உள்ள என் கணினியில், பழைய ஸ்கேனருக்காக, தனிப் பார்ட்டிஷனில் (வட்டின் தனிப் பிரிவில்) விண்டோஸ் எக்ஸ்பியையும் நிறுவினேன். இப்போது எக்ஸ்பி மட்டுமே திறக்கிறது. விண்டோஸ் 7 அழிந்துவிட்டதா?

பதில்: அழியவில்லை, அதற்குச் செல்லும் வழிதான் அடைபட்டிருக்கிறது. 2001-இல் வெளிவந்த எக்ஸ்பிக்கு 2009-இல் வந்த விண்டோஸ் 7-இன் 'பூட்மேனேஜர்' (விண்டோஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) இன்னதென்றே தெரியாது என்பதால், எக்ஸ்பி நிறுவப்படும்போது வட்டின் தொடக்கப் பகுதியில் தன்னுடைய பழைய தொடக்க முறையான 'என்டிலோடரை' எழுதிவிடுகிறது. பழையதை முதலிலும் புதியதைப் பின்னரும் நிறுவியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திராது.

விண்டோஸ் 7 டிவிடியிலிருந்து கணினியைத் தொடங்கி, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுத்தால் பெரும்பாலும் விண்டோஸ் 7 மீண்டுவிடும். ஆனால் அப்போது எக்ஸ்பி மறைந்துகொள்ளும்! 'ஈஸிபிசிடி' என்னும் மென்பொருளில் எக்ஸ்பிக்கு ஒரு பதிவைச் சேர்த்தால், தொடக்கத்தில் இரண்டுமே பட்டியலில் தெரியும்.

ஒன்றை மறவாதீர்கள்: எக்ஸ்பி ஒவ்வொரு முறை இயங்கும்போதும் விண்டோஸ் 7-இன் ரெஸ்டோர் பாயின்ட்டுகள் (கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவுகள்) அழிந்துவிடும். 2014 ஏப்ரல் 8-க்குப் பின் எக்ஸ்பிக்கான பொது ஆதரவும் நின்றுவிட்டதால், ஸ்கேன் செய்வதோடு நிறுத்திக்கொண்டு, அதில் இணைய இணைப்பைத் துண்டித்தே வையுங்கள்.