ஆராத் கோட்டை: கேட்டவர்களுக்குப் பதில்

கே: ஆராத் எங்கே இருக்கிறது சார்?

ப: இஸ்ரேலின் தெற்கே, நெகேவ் பாலைவனத்தில். தொல்லியலாளர் யோகனான் அகரோனி 1962 முதல் 1967 வரை அகழ்ந்தார். எருசலேமைத் தலைநகராகக் கொண்ட பழைய யூதா அரசின் எல்லைக் காவல் கோட்டை. பக்கத்துக்குச் சுமார் 50 மீட்டர்தான்.

கே: கோட்டைக்குள் கோவில் இருந்ததாமே? எருசலேமில் மட்டும்தானே பலி செலுத்தலாம்?

ப: வேதத்தின் சட்டம் அது. ஆனால் இங்கே முற்றத்தில் வெட்டாத கற்களால் கட்டிய பலிபீடமும், கருவறை வாசலில் இரண்டு தூபபீடங்களும் கிடைத்தன. தூபபீடங்களின் மேல் ஒட்டியிருந்த கரிய படிவை ஆராய்ந்த முடிவு 2020-ல் வெளிவந்தது. பெரியதில் குந்திரிக்கமும் மிருகக் கொழுப்பும். சிறியதில் கஞ்சாவும் சாணமும்! சாணம் சேர்த்தால் மெதுவாகப் புகையும். தூபபீடங்களைப் படுக்க வைத்து மண் மூடியிருந்தார்கள். எருசலேமுக்கு வெளியே இருந்த வழிபாட்டு இடங்களை அகற்றிய யூதா ராஜா எசேக்கியாவின் சீர்திருத்தம் என்பார்கள் பலர். இருக்கலாம். ஆனால் அசீரியப் படைக்குப் பயந்து ஒளித்ததாகவும் கொள்ளலாமே. உடைக்காமல் பத்திரமாகப் புதைத்ததைப் பார்த்தால் எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

கே: வேதாகமத்தின் எண்ணாகமம் என்ற நூலில் வரும் ஆராத் ராஜா இந்த ஊர்க்காரர்தானா?

ப: சிக்கல். கோட்டைக்குக் கீழே இருந்த கானானிய நகரம் கி.மு. 2650 வாக்கிலேயே கைவிடப்பட்டது. அப்புறம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இங்கே குடியிருப்பே இல்லை. எண்ணாகமக் கதையின் காலமும் அந்த இடைவெளியில்தான் விழுகிறது. அதனால் அந்த ராஜாவின் ஊரைப் பக்கத்து மேடுகளில் தேடுகிறார்கள்.

கே: ஓட்டெழுத்து என்கிறார்களே, அதில் என்ன எழுதியிருக்கிறது?

ப: என்னைக் கேட்டால், கோவிலைவிட இதுதான் பெரிய புதையல். உடைந்த பானை ஓடுகளில் மையால் எழுதிய சிப்பந்திக் கடிதங்கள், கி.மு. 600 வாக்கில். பண்டகசாலைப் பொறுப்பாளர் எலியாசீபுக்கு ஒரு கட்டளை: கித்தீம்களுக்கு 3 பாத் (அக்கால முகத்தல் அளவு) திராட்சை ரசம் கொடு, தேதியை எழுதி வை, ரொட்டி சுட மாவும் அனுப்பு. கித்தீம்கள் கிரேக்கக் கூலிப்படையினர் என்பது பொதுவான கருத்து. இன்னொரு ஓட்டில், அண்டை நாட்டு எதிரிகளான ஏதோமியர் வந்துவிடுவதற்குள் ராமாத் நெகேவ் என்ற ஊருக்கு ஆள் அனுப்பு என்று அவசர ஆணை. 2016-ல் கணினி கொண்டு 16 ஓடுகளின் கையெழுத்தை ஒப்பிட்டதில், குறைந்தது 6 பேர் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்படியானால் சாதாரண அலுவலர் வரைக்கும் எழுத்தறிவு இருந்திருக்கிறது. 2017-ல், வெறுமை என்று அரை நூற்றாண்டாக நினைத்திருந்த ஓர் ஓட்டின் பின்புறத்தைச் சிறப்புக் கேமராவில் படம் பிடித்தார்கள். எழுத்து தெரிந்தது: ரசம் இருந்தால் அனுப்பு!

கே: நேரில் பார்க்க முடியுமா?

ப: முடியும். ஆனால் மேட்டில் இருக்கும் கருவறை மறு அமைப்பு. அசல் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில்.