சங்கு, திசைகாட்டி, சித்தி

வணக்கம் ஐயா,

2024 புரட்டாதியில் ஜனாதிபதித் தேர்தலில் என் மாமா சங்குக்கு, அதாவது தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சின்னத்துக்குப் போட்டார். கார்த்திகையில் பாராளுமன்றத் தேர்தலில் அம்மா திசைகாட்டிக்கு (ஜனாதிபதி அநுரவின் தேசிய மக்கள் சக்தி) போட்டது தெரிந்ததும் "இனத்தை வித்துப்போட்டாய்" என்று கத்திவிட்டுப் போனவர், இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாவின் மூன்று விருப்பு வாக்கும் தமிழருக்குத்தான் விழுந்தன. அந்தத் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்னர் இதே மாமா அமெரிக்கத் தேர்தலில் கமலா ஹாரிஸ் வெல்ல வேண்டும் என்று விடிய விடியச் செய்தி பார்த்தார். "எங்கட தமிழ்ப் பிள்ளை" என்றார். அவவின் தாய்வழி மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம். எங்களுக்கும் அதற்கும் என்ன?

நான் யாழ். பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிக்கிறேன். கறுப்பர் என்பதற்காக ஒருவரைத் தோற்கடிப்பது பிழை என்றால், தமிழர் என்பதற்காக ஒருவருக்குப் போடுவது மட்டும் எப்படிச் சரி?

(பெயர் வேண்டாம், கோண்டாவில்)

அன்புள்ள பிள்ளைக்கு,

மாமாவுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கமலா.

2020 ஆவணியில், உப ஜனாதிபதி வேட்பாளராக அவர் ஆற்றிய ஏற்புரையில் "சித்திகள்" என்ற சொல் வந்தது. சின்னம்மா, குஞ்சம்மா என்று கூப்பிடும் எங்கள் வீடுகள்கூட அன்று அந்தச் சித்தியைத் தலையில் தூக்கிவைத்தன. அவருடைய கொள்கை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்கு அங்கே வாக்கில்லை. வாக்கில்லாத ஊரில் இனம் பார்ப்பது கிரிக்கெட் பார்ப்பது மாதிரி, கைக்காசு செலவில்லை.

வாக்கிருக்கும் இடத்தில் கதை வேறு. 2024 ஆடி 31, சிக்காகோவில் கறுப்பின ஊடகவியலாளர் மாநாட்டு மேடை. இவர் இந்தியர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்றார் ட்ரம்ப். கமலாவின் தகப்பன் ஜமேய்க்காவில் பிறந்தவர். கமலா 1986 இல் பட்டம் பெற்றது ஹோவர்டில் (ஹார்வர்ட் இல்லை), கறுப்பினத்தவரின் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில். எல்லாம் ஊரறிந்த விஷயம். ட்ரம்ப் அங்கே விபரம் கேட்க வரவில்லை. "இவ உங்கட ஆள்தானோ, வடிவாப் பாருங்கோ" என்று கறுப்பின வாக்காளரின் காதில் போட்டார். எங்கள் ஊரில் கலியாணப் பேச்சிலும் தேர்தல் பேச்சிலும் "ஆள் நல்லவர்தான், எந்த ஊராம்?" என்று ஓர் இழுவை இழுப்பார்களே, அதே இழுவை. அந்தக் கேள்விக்கு ஊர்ப்பெயரை மட்டும் சொல்லித் தப்பியவர் ஒருவரையும் நான் காணவில்லை.

ஒபாமாவுக்கும் இது நடந்தது. வெள்ளைக்காரத் தாய், கென்யத் தகப்பன். ஒரு பக்கம் இவர் போதுமான கறுப்பர்தானா என்று கேட்டார்கள், மறுபக்கம் இவர் அமெரிக்காவில் பிறந்தவர்தானா என்று கேட்டார்கள். 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். ஒபாமாவின் படங்களைச் சற்று வெளுப்பாக்கியும் சற்றுக் கறுப்பாக்கியும் மாணவர்களுக்குக் காட்டி, எது அவரைச் சரியாகக் காட்டுகிறது என்று கேட்டார்கள். அவருடைய அரசியலோடு ஒத்துப்போகிறவர்கள் வெளுத்த படத்தையே அதிகம் தெரிவுசெய்தார்கள். ஒவ்வாதவர்களுக்குக் கறுத்த படம் பொருந்தியது. நிறத்தைப் பார்த்துப் பிடிக்காமல் போவது பழைய கதை. பிடித்துப்போனபின் நிறமே மாறித் தெரிவது எனக்குப் புதிது. மாமாவுக்குக் கமலா தமிழ்ப் பிள்ளையானதும், உங்கள் அம்மா ஒரே நாளில் தமிழச்சி இல்லாமல் போனதும் இதற்குள்தான் வருகின்றன என்று நினைக்கிறேன்.

இனி எங்கள் வளவுக்கு வருவோம். 1982 ஐப்பசி 20, நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல். தமிழர் விடுதலைக் கூட்டணி ஆளை நிறுத்தவில்லை. தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் நின்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குத்தான் முதலிடம். இரண்டாவதாக வந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தவர் ஆர் தெரியுமா? ஹெக்டர் கொப்பேகடுவ. சிங்களவர், சிறிமாவின் கட்சி. பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரைப் பாதித்த தரப்படுத்தலையும் 1972 அரசியல் யாப்பையும் கொண்டுவந்த அரசின் விவசாய அமைச்சர். தமிழர் வாயில் அவர் பெயர் கசந்திருக்க வேண்டும். ஆனால் அதே அரசு இறக்குமதியை இறுக்கியதால்தான் எங்கள் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் காசாகின. 1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட, விலை விழுந்தது.

என் அப்பு புன்னாலைக்கட்டுவனில் தோட்டம் செய்தவர். செத்தல் மிளகாய் விற்ற காசில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டது. வாக்குப் போட்டுவிட்டு வந்தவரிடம் அண்ணன், "ஆருக்கு அப்பு?" என்று கேட்டான். "மிளகாய்க்கு" என்றார். அண்ணன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்பு அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, தண்ணி கட்டப் போய்விட்டார்.

அதற்குப் பதின்மூன்று நாள் கழித்துக் கலிபோர்னியாவில் ஆளுநர் தேர்தல். லொஸ் ஏஞ்சல்ஸ் மேயர் டொம் பிராட்லி, கறுப்பர், கருத்துக்கணிப்பில் முன்னுக்கு நின்றவர், ஓர் இலட்சத்துக்கும் குறைந்த வாக்கால் தோற்றார். கணிப்பாளரிடம் வெள்ளை வாக்காளர் வெட்கத்தில் ஒன்று சொல்லிவிட்டுச் சாவடியில் வேறொன்று செய்தார்கள் என்பது ஒரு விளக்கம். உங்கள் பாடத்தில் பிராட்லி விளைவு என்று வரும். தபால் வாக்குகள்தான் கவிழ்த்தன, அதே நாளில் வாக்குக்கு வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுப் பிரேரணைதான் கவிழ்த்தது என்றும் வாதிடுகிறார்கள். எப்படியோ, அங்கே வாய் ஒன்று கை ஒன்று என்றுதான் சந்தேகப்பட்டார்கள். எங்களிடமும் அது உண்டு, எதிர்த் திசையில். மேடையில் எல்லோரும் இனம் என்போம். மறைப்புக்குள் போனால் மிளகாயும் வரும், ஊரும் வரும், சொல்லக்கூடாத மற்றதும் வரும்.

அந்த மற்றதுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1911 இல் படித்த இலங்கையருக்கென்று சட்டசபையில் ஒரே ஓர் ஆசனம் வந்தது. சில ஆயிரம் பேருக்கு மட்டும் வாக்கு, பெரும்பான்மை சிங்களவர். வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். நீங்கள் படிக்கும் வளாகத்தில் முன்னர் இருந்த பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவியவர்தான். தோற்றவர் மார்க்கஸ் பெர்னாண்டோ, சிங்களவர். சிங்களவர் தமிழரைத் தெரிவுசெய்தார்கள் என்று இதை ஒற்றுமைக் கதையாகச் சொல்லுவார்கள், நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். பெர்னாண்டோ கராவ சாதி. சிங்களவரில் கமக்காரச் சாதியான கொவிகம உயர்குடியினருக்குத் தங்கள் இனத்துக் கராவவிலும் பிற இனத்து வேளாளரான இராமநாதன் நெருக்கமாகத் தெரிந்தார் என்று பிறகு வரலாற்றாசிரியர்கள் சொல்ல, கதையின் நிறமே மாறியது.

உங்கள் கேள்விக்கு என் பதில் நேராக இல்லை. சிறிய இனம் ஒன்று தன் ஆளுக்குப் போடுவதையும், பெரிய இனம் ஒன்று பிற இனத்தான் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவைப்பதையும் ஒரே தராசில் நான் போடமாட்டேன். அரியநேத்திரன் வெல்லமாட்டார் என்பது சங்குக்குப் போட்ட எல்லோருக்கும் தெரியும். இங்கே இருக்கிறோம் என்று பதிவதற்காகப் போட்டார்கள். அதிலும் அவர் மட்டக்களப்பார். கிழக்கை ஒரு காலத்தில் எப்படிப் பேசிய யாழ்ப்பாணம் இது என்பதை நினைத்தால், அந்த வாக்குகளில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. அப்போதும்கூட இந்த மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் சிங்கள வேட்பாளர் சஜித் பிரேமதாச முந்தினார். இரண்டு மாதத்தில் ஆறு ஆசனத்தில் மூன்றைத் திசைகாட்டி எடுத்தது; அந்த மூவரும் தமிழர். அம்மாவின் கணக்கு அந்தச் சனத்தின் கணக்குத்தான். பழைய கட்சிகளில் சலிப்பும் அதில் இருந்திருக்கும், அநுர அலையும் இருந்திருக்கும். அந்தக் கணக்கு பிழையாகலாம். எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் தெரிந்து போட்ட வாக்கு அது.

சங்குக்குப் போட்ட மாமாவில் எனக்குக் குறையில்லை. "வித்துப்போட்டாய்" என்ற சொல்லில்தான் குறை. அந்தச் சொல் அம்மாவுக்கு மூளை இருக்கிறது என்பதையே ஒத்துக்கொள்ளவில்லை.

2010 தை மாதத்தை மாமாவுக்கு நினைவூட்டுங்கள். போர் முடிந்து எட்டு மாதம். அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா அன்னச் சின்னத்தில் நின்றார். யாழ்ப்பாணத்தில் நாலில் ஒருவர்தான் வாக்களித்தார்கள் என்றாலும், போட்டவர்களில் பாதிக்கு மேல் அவருக்குத்தான் போட்டார்கள். அப்போதைய ஜனாதிபதி மகிந்தவை இறக்க வேறு வழி தெரியவில்லை. நானும் போட்டேன், சின்னிவிரலில் மை காயமுதல் குமட்டிக்கொண்டு வந்தது.

மாமா அன்று போனவரா, போயிருந்தால் ஆருக்குப் போட்டார் என்று கேளுங்கள். தேத்தண்ணி கொடுத்து, அம்மாவுக்கு முன்னால் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.