தேடல் லைப்ரரியில் (நிரலில் தேடும் வசதிக்காகச் சேர்க்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) தேதி ஒரு நாள் குறைவாக வருகிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் போதுமா?

போதாது. கூட்டினால் சரியாகிவிட்டது போலத் தெரியும். அதனால்தான் கூட்டாதீர்கள் என்கிறேன்.

நீங்கள் இந்தியாவிலிருந்து ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறீர்கள், இதழின் வெளியீட்டுத் தேதி போன்ற ஒன்றை இண்டெக்ஸில் (தேடுவதற்கான அட்டவணையில்) ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 15ஆம் தேதி என்று ஏற்றியது 14 என்று திரும்புகிறது. நம் நள்ளிரவு, யுடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கில் முந்தைய நாள் மாலை 6.30. மணியை வெட்டிவிட்டு நாளை மட்டும் வைத்தால் முந்தைய நாள்தான் மிஞ்சும். விஷயம் இவ்வளவுதான் என்றால் நான் பதில் எழுதவே வந்திருக்க மாட்டேன்.

பழைய தமிழ் வார இதழ்களை மின்வடிவாக்கும் ஒரு வேலையில் சிறிய திறமூலத் தேடல் லைப்ரரி ஒன்றைப் பயன்படுத்தினோம். பெயர் வேண்டாம், சம்பளமில்லாமல் ஒருவர் அதைப் பராமரிக்கிறார். 1970க்குப் பிந்தைய இதழ்கள் அனைத்தும் ஒரு நாள் குறைவாக வந்தன. 1930களும் 50களும் அட்சரம் பிசகாமல் வந்தன. பாதி சரி, பாதி தவறு என்றதும் மேலே இருந்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: தட்டச்சு செய்த பெண்கள் தப்பாக அடித்திருக்கிறார்கள். மங்கிப்போன அட்டையில் தேதியைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். மூல நிரலை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் திறந்தேன். 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லி விநாடிகளை, ஒரு நாளுக்குரிய 8,64,00,000ஆல் வகுத்து நாள் எண்ணாகச் சேமித்திருந்தார்கள். ஜாவாவில் முழு எண் வகுத்தல் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும். 1970க்குப் பிறகு எண் நேர்மறை, ஆகவே வெட்டு கீழே இறங்கி முந்தைய நாளில் விழுகிறது. அதற்கு முன்பு எண் எதிர்மறை, வெட்டு மேலே ஏறுகிறது, மாலை 6.30 மறுநாளாகி, தேதி சரியாக வந்துவிடுகிறது. ஒரு பிழையை இன்னொரு பிழை மறைத்திருந்தது. 1970 ஜனவரி 1, ஜனவரி 2 இரண்டும் பூஜ்ஜியம் என்ற ஒரே எண்ணில் கிடந்ததைக் காட்டிய பிறகுதான் தட்டச்சுப் பேச்சு அடங்கியது. வருத்தம் தெரிவிக்க ஒருவரும் வரவில்லை. திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற அரை டஜன் பிரமுகர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு அழைப்பிதழ்கூடப் போகவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சரி. வகுத்தலை எப்போதும் கீழ்நோக்கி வெட்டும்படி மாற்றியதும் பழைய இதழ்களும் ஒரு நாள் குறைந்தன. இதுதான் எதிர்பார்க்க வேண்டியது. ஆனால் 'நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டாய்' என்று பேச்சு வந்தது. அப்போது ஒருவர் சொன்ன வைத்தியம்தான் நீங்கள் கேட்பது: வகுப்பதற்கு முன் 1,98,00,000 மில்லி விநாடியைக் கூட்டு, அதாவது ஐந்தரை மணி நேரம். கூட்டியதும் எல்லாம் சரியானது, உலகப் போர்க்கால இதழ்களைத் தவிர.

போரின்போது இந்தியக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள்: 1941 அக்டோபரிலிருந்து 1945 அக்டோபர் வரை, நடுவில் 1942இல் சில மாதங்கள் நீங்கலாக. ஜாவா பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்துக்கு இது தெரியும். 1943 மார்ச் 10 நள்ளிரவை அது முந்தைய நாள் மாலை 5.30 யுடிசி என்று எடுத்துக்கொள்கிறது. அதோடு ஐந்தரையைக் கூட்டினால் மார்ச் 9 இரவு 11 மணி. தேதி போயிற்று. 1906க்கு முன் அது இந்தியாவுக்கு எடுத்துக்கொள்ளும் சென்னை நேரம், யுடிசியைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே. ஐந்தரையைவிடக் குறைவு என்பதால் அந்தக் காலத்து இதழ்கள் அதிர்ஷ்டத்தில் தப்பின.

வெளியீட்டுத் தேதிக்குக் கடிகாரமே கிடையாது. ஜாவா 8இல் வந்த லோக்கல்டேட் வகையில் ஆண்டு, மாதம், நாள் மட்டும் வைத்து, அதிலிருந்து நேரடியாக நாள் எண்ணை எடுங்கள். அந்த லைப்ரரிக்கு நான் அனுப்பிய திருத்தம் (புல் ரெக்வெஸ்ட்) செய்தது அவ்வளவுதான். லைப்ரரியின் புதிய பதிப்போடு வந்த குறிப்பில் அதற்குக் கிடைத்த பெயர் 'சிறு திருத்தங்கள்'.

'எல்லாவற்றையும் யுடிசியில்தான் வைக்க வேண்டும்' என்று பாடம் எடுக்க வருகிறவர்களுக்கு: சர்வர் லாக், பணப் பரிமாற்றம் போன்று நிகழ்ந்த கணம் முக்கியமானவற்றுக்கு அதுவே சரி, நான் மறுக்கவில்லை. இதழின் அட்டையில் அச்சான தேதி ஒரு கணம் அல்ல. பெரிய லைப்ரரிகளும் இதில் திணறியவைதான். லூசின் என்ற பிரபலமான ஜாவா தேடல் லைப்ரரியில் தேதிகளைக் கையாண்ட பழைய டேட்ஃபீல்ட் 1970க்கு முந்தைய தேதியை வாங்கவே மறுத்தது; 1.9 பதிப்பில் அதற்கு மாற்றாக வந்த டேட்டூல்ஸ் வாங்கிக்கொண்டது, ஆனால் ஜிஎம்டி, அதாவது கிரீன்விச் நேரக் கணக்கில்.

திருத்திய பிறகு இண்டெக்ஸை முழுவதும் புதிதாகக் கட்டுங்கள். பழைய நாள் எண்களும் புதியவையும் கலந்துவிட்டால் எது எதுவென்று பிரிக்க முடியாது. நிரலைச் சோதிக்கும் டெஸ்டில் 1943இல் ஒரு தேதி, 1970 ஜனவரி 1, 2 மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். இலங்கை இதழ்களையும் ஏற்றுகிறீர்கள் என்றால் 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை கொழும்பு நேரம் ஐந்தரை அல்ல; அந்த ஆண்டுகளிலிருந்தும் ஒன்றைச் சேருங்கள்.